ஆயுத பூஜை மழை

ஆயுத பூஜையன்று வானிலை அலுவலகத்தில் யாருக்கு டூட்டி என்று யாரும் கேட்பதில்லை. அன்பரசிக்குத்தான். கிறிஸ்தவப் பெண், அவளுக்கென்ன பூஜையா புனஸ்காரமா என்று ஆளுக்கொரு பொரிப் பொட்டலத்தை முந்தின நாளே அவள் மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பதிலுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை அவளுக்கு உறுதி. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் ஊரே கொண்டாடுகிற நாளில் தனியாகக் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நியாயம்கூடக் கசக்கத்தான் செய்யும்.

அன்றைக்கு அந்தக் கசப்பு கொஞ்சம் அதிகம். கணவன் சாம், ஆறு வயது மகள் ஷாரோனைக் கூட்டிக்கொண்டு ஊரப்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருந்தான். "குதிர மேல ஏறப் போறேன். நீ இல்லாம" என்று மகள் போனில் அழுத்திச் சொல்லியிருந்தாள்.

இந்த வேலையில் பூஜை நாளுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. மாவட்டம் முழுக்கப் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் தானியங்கி மழைமானிகள் நிற்கின்றன. விழுகிற மழையை அளந்து தாமாகவே சென்னைக்கு அனுப்பிவிடும். லாரியிலிருந்து அரிவாள்மணை வரை கழுவிப் பொட்டு வைக்கிற நம் ஜனங்கள் மழைமானியை மட்டும் விட்டுவைப்பார்களா? அதன் தலையிலும் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரமும் காட்டிவிடுவார்கள். வெயில் கொளுத்துகிற ஊரில் மழை கொட்டியதாகத் திரை சொல்லும். அந்தப் பொய் மழையைக் கணக்கிலிருந்து அடித்துப்போடுவது அன்பரசியின் அன்றைய வேலைகளில் ஒன்று.

போன வருடம், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் கடப்பாக்கத்தின் மழைமானியைப் பார்த்துக்கொள்ளும் கருப்பனை அவள் போனில் பிடி பிடி என்று பிடித்துவிட்டாள். மூளை இருக்கா என்றுகூடக் கேட்டாள். அவள் அப்பா வயதுக்காரர். கேட்டிருக்கக் கூடாது என்று அப்போதே உறுத்தியது. ஆனால் அதற்குப் பிறகு அவர் "சரிங்க மேடம்" என்பதற்கு மேல் வாய் திறக்காததால் வேலை சுலபமாகிவிட்டது. சுலபமானதை யார்தான் சரிசெய்வார்கள்?

பதினொன்றரை மணிக்குக் கடப்பாக்கம் இருபத்துநான்கு மில்லிமீட்டர் மழை என்றது. கால் மணி நேரத்துக்கு முன்பு அங்கே ஒரு துளி இல்லை. ராடாரைப் பராமரிப்புக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். செயற்கைக்கோள் படத்தில் கடலோரமாக ஒரு துண்டு மேகம் தெரிந்தது, ஆனால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. காற்று தெற்கிலிருந்து அடித்தது. மழை நிஜம் என்றால் இடிமேகம் கரையோரமாகவே வடக்கே ஏறி ஒரு மணி நேரத்தில் மாமல்லபுரத்தைத் தொட்டுவிடும். எச்சரிக்கை அனுப்பினால் போலீஸ் மைக் வைத்துக் கடற்கரையைக் காலி செய்யும். பண்டிகைக் கூட்டத்தைத் துரத்திவிட்டு மழை வராமல் போனாலோ ஊரே சிரிக்கும்.

அவள் கருப்பனை அழைத்தாள்.

"கருப்பன், இந்த வருஷமும் கழுவிட்டீங்களா?"

"தப்புதான் மேடம். மன்னிச்சுக்குங்க."

"எத்தன தடவ சொல்றது?"

"இனிமே நடக்காது மேடம்."

அன்பரசி போனை வைத்துவிட்டுக் கடப்பாக்கத்தை அன்றைய கணக்கிலிருந்து நீக்கினாள். அடுத்தடுத்து அங்கிருந்து வந்த எண்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நிம்மதியாகப் பொரி சாப்பிட்டாள்.

ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சாம் அழைத்தான்.

"அன்பு, ஷாரோனுக்கு ஒண்ணுமில்ல. மொதல்ல அத கேட்டுக்கோ. ரெண்டு பேரும் ஒரு கடைக்குள்ள நின்னுகினு கீறோம். மழ கொட்டுது. இடி வுழுந்துச்சு. இவ எறங்கி பத்தடி வர்ல, அந்த குதிர செத்துப்போச்சு. குதிரக்காரர ஆம்புலன்ஸ்ல ஏத்துறாங்க. மூச்சு கீது."

பின்னாலிருந்து மகள் போனைப் பிடுங்கினாள். "அம்மா, மழ வரும்னு உனக்குத் தெரியாதா?"

அன்பரசி திரைக்குத் திரும்பினாள். மேகம் இன்னும் வடக்கே போய்க்கொண்டிருந்தது. முதலில் கோவளம் வரைக்கும் அதற்கு அப்பாலும் இடி மின்னல் எச்சரிக்கை அனுப்பினாள். அதன் பிறகுதான் கடப்பாக்கத்தைத் திறந்து பார்த்தாள். இருபத்துநான்குக்குப் பிறகு பதினெட்டு, பிறகு பதினொன்று, பிறகு தூறல். எந்தக் குடத்துத் தண்ணீரும் இப்படி முக்கால் மணி நேரம் விழாது. பார்த்திருந்தால் பன்னிரண்டு மணிக்கெல்லாம் தெரிந்திருக்கும்.

தன் மேல் வரவேண்டிய கோபம் முதலில் கருப்பன் மேல்தான் வந்தது. எதற்காக மனுஷன் பொய் சொன்னார்? மறுபடி அழைத்தாள். அவள் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். கடப்பாக்கத்துல மழ பெஞ்சிடுச்சாம்."

மழை பெய்ததற்கு ஒருவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

"அப்ப கழுவினேன்னு ஏன் சொன்னீங்க?"

"நான் கழுவல மேடம். நான் மதுராந்தகத்துல பொண்ணு வூட்ல கீறேன். ஊர்ல யாராச்சும் ஊத்தியிருப்பாங்கன்னு நெனச்சிகினேன். நீங்க கழுவிட்டீங்களான்னு கேக்குறீங்க. உங்ககிட்ட போயி இல்லன்னு எப்டி மேடம் சொல்றது?"

அவர் குற்றமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். மழை பெய்கிறதா என்று கேட்டிருந்தால் ஊருக்குப் போன் போட்டு விசாரித்துச் சொல்லியிருப்பார். அவள் அதைக் கேட்கவே இல்லை. போன வருடம் ஒரு மனிதரைப் பயப்படப் பழக்கினாள், இந்த வருடம் அவரிடம் உண்மையை எதிர்பார்த்தாள். ஆம்புலன்ஸில் போகிற அந்தக் குதிரைக்காரரின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

"கருப்பன், தப்பு என்னுது. நீங்கதான் என்னை மன்னிக்கணும்."

மறுமுனையில் அவர் பதறிப்போனார்.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க மேடம். மன்னிச்சுக்குங்க" என்றார்.