மணப்பெண் மூச்சு

சோலோ நகரத்தில் மணப்பெண் அலங்காரத்துக்கு விதுரியை விட்டால் ஆளில்லை என்று சொன்னால் மற்ற அலங்காரக்காரிகள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஆனால் இடுப்புக்கட்டுக்கு அவள்தான் என்பதை அவர்களே ஒப்புக்கொள்வார்கள். ஸ்தாகென் என்கிற அந்த நீளத் துணியை விலாவில் தொடங்கி இடுப்பு வரை அவள் சுற்றி இறுக்குகிற இறுக்கில், எப்பேர்ப்பட்ட உடம்புக்காரியும் உடுக்கை இடையோடு மணமேடை ஏறுவாள். "அக்கா, மூச்சு முட்டுது" என்று முனகாத பெண்ணே கிடையாது. விதுரி சிரித்துக்கொண்டே, "அது மணப்பெண் மூச்சும்மா. சாயங்காலம் அவுத்தா சரியாப் போயிடும்" என்பாள்.

இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளே அதை நம்பிவிட்டாள். வினை அங்கேதான் வந்தது.

விதுரிக்கு லூபஸ். உடம்புக்குக் காவல் இருக்க வேண்டியதே உடம்பைத் தாக்குகிற வியாதி. மருத்துவர் ஹப்சாரி அது அடங்கிக் கிடந்த காலமாகப் பார்த்துப் பிள்ளை பெறச் சம்மதம் சொல்ல, தாமார் பிறந்தான். பிறந்தபோதே இரண்டு கன்னமும் தோளைத் தொட்டன. வீட்டுக்கு அனுப்பும்போது ஹப்சாரி விதுரியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"இனிமேதான் கவனம். லூபஸ்காரங்களுக்குப் பிள்ளை பெத்த கொஞ்ச மாசம் இதயத்து மேல ஒரு கண்ணு வேணும். மூச்சு வாங்கினா, கால் வீங்கினா, அன்னைக்கே வந்துடு."

விதுரியும் நன்றாகத் தலையாட்டிவிட்டுத்தான் வந்தாள்.

வந்ததும் ஸ்தாகென் ஏறியது. பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் வயிற்றைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்த ஊரில் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. கட்டிவிட வந்தது விதுரியின் கணவன் ஹார்தோவுடைய அக்கா முர்தினா. சந்தையில் வாழைத்தார் தூக்குகிற கை அவளுக்கு. வாய் அதைவிடப் பலசாலி.

"அக்கா, மூச்சு முட்டுது."

"ஊர்ப் பொண்ணுங்களையெல்லாம் முட்ட வெச்சவதானே நீ. இப்ப உன் முறை, அனுபவி."

சொன்னாளே தவிர, ஒரு சுற்றைத் தளர்த்தினாள். மறுநாளும் மூச்சு முட்டியது, இன்னும் தளர்த்தினாள். அடுத்தடுத்த நாளும் அதே கதைதான். கால் வீங்கியதை விதுரி பார்த்தாள். பிள்ளை பெற்ற கால் வீங்காமலா இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். படுத்தால் மூச்சு அடைக்கிறதென்று தலையணைமேல் தலையணையாக அடுக்கினாள். ஹார்தோ என்னவென்று கேட்டதற்கு, "கட்டுதாங்க. உங்க அக்கா கை இரும்புக் கை" என்றாள். இதயம் என்ற வார்த்தை அவள் நெஞ்சுக்குள்ளேயே இருந்தது. ஆஸ்பத்திரி என்றால் பிள்ளையைப் பிரிந்து கிடக்க வேண்டுமே என்கிற பயம்தான் அதை வெளியே விடவில்லை.

ஒருநாள் காலை, குளித்து வந்தவளுக்குக் கட்டுவதற்காகத் துணியை மடியில் போட்டுக்கொண்டு முர்தினா உட்கார்ந்திருந்தாள். விதுரி பாயில் மல்லாந்து படுத்தாள். படுத்த வேகத்தில் எழுந்து உட்கார்ந்து வாயால் மூச்சை இழுத்தாள்.

"அக்கா, கட்டு... இறுக்குது."

முர்தினா தன் மடியைப் பார்த்தாள். பிறகு தம்பி பெண்டாட்டியின் வெறும் வயிற்றைப் பார்த்தாள்.

"துணி என் மடியில இருக்குடி. உன் மூச்ச யாருடி புடிச்சிருக்கா?"

விதுரி தன் வெறும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். நாற்பது நாள் முடியவில்லையே என்று அவள் இழுக்க, "நாப்பதாவது, நாசமாவது. எந்திரி" என்றாள் முர்தினா. அக்கம்பக்கத்தில் யார் வீட்டு மருமகள் என்றைக்கு வாசல் தாண்டினாள் என்று விரல் விட்டுக் கணக்கு வைத்திருந்தவள் அவள்தான். அவளே வாழைப்பழம் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியில் மெத்தையைப் போட்டு, தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, ஊர் பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனாள்.

ஹப்சாரி கருவியை நெஞ்சில் வைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இதயத்தைச் சுத்தித் தண்ணி கோத்திருக்கு. தசையும் சோர்ந்திருக்கு. லூபஸ் மறுபடி தலைதூக்கியிருக்கும்மா. மருந்துக்குக் கேக்கும். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா நான் இவ்வளவு நிதானமாப் பேசிட்டிருக்க மாட்டேன்."

மருந்துக்குக் கேட்டது. தண்ணீர் வடிந்தது, கால் இளைத்தது, படுத்தால் தூக்கம் வந்தது. வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். ஆனால் இதயம் தேறும்வரை பாரம் தூக்கக் கூடாது. வாளி கூடாது, அலங்காரப் பெட்டி கூடாது. பிள்ளையை உட்கார்ந்தபடி மடியில் வாங்கிக்கொள்ளலாம். தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது.

அங்கேதான் விதுரி உடைந்துபோனாள். ஏழெட்டு மாதத்தில் பிள்ளையின் கால் முதன்முதலாக மண்ணைத் தொடுகிற சடங்கு உண்டு. அதில் ஏழு படி கரும்பு ஏணியில் அவனை ஏற்றி இறக்குவது பெற்றவள் கை. கல்யாண வீடுகளில் எத்தனையோ பேரின் நல்ல நாளுக்கு நின்ற தனக்கு, தன் பிள்ளையின் நல்ல நாளில் ஓரமாக நாற்காலி போட்டுவிடுவார்களோ என்று அழுதாள்.

"நான் ஏத்தறேன், விடு. என் மூஞ்சியும் உன் மூஞ்சியும் அவனுக்கு ஒண்ணுதான்" என்று முர்தினா சமாதானம் சொன்னாள். விதுரி இன்னும் பெரிதாக அழுதாள்.

அதன்பின் அந்த வீட்டில் ஒரு பந்தயம் நடந்தது. ஒரு பக்கம் விதுரியின் இதயம் மாதத்துக்கு மாதம் பலம் ஏறியது. மறுபக்கம் தாமார் விடாமல் பால் குடித்து எடை ஏறினான். "கொஞ்சம் பொறுடா, உங்கம்மா இதயம் தேறி வர்றதுக்குள்ள நீ யானைக்குட்டி ஆயிடுவ போலிருக்கே" என்று முர்தினா அவன் தொடையைக் கிள்ளுவாள். விதுரி வேளை தவறாமல் மாத்திரை விழுங்கினாள், உப்பைக் குறைத்தாள், தெருமுனை வரை நடந்தாள், பிறகு பள்ளிவாசல் வரை நடந்தாள்.

சடங்குக்கு முந்தின வாரம் ஹப்சாரி திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு தாமாரை வாங்கி விதுரியின் இடுப்பில் வைத்தார். "வெளியே மாடிப்படி இருக்கு. ஏறு, பாக்கறேன்."

விதுரி ஏறினாள். பின்னால் முர்தினா, சந்தையில் கூடை விழுவதைத் தாங்குகிற மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டே ஏறினாள். மாடியில் போய் நின்றபோது மூச்சு வாங்கியது முர்தினாவுக்குத்தான்.

"இவங்களையும் ஒரு தடவை பாத்துடலாமா?" என்றார் ஹப்சாரி.

சடங்கன்று விதுரிக்குப் பட்டுச் சட்டை, சரிகைச் சேலை. ஸ்தாகென் கட்டியது முர்தினா. சந்தோஷத்தில் அவள் கை தன் பலத்தை மறந்துவிட்டது. வாசலில் வண்ண வண்ணமாய் ஒட்டரிசி உருண்டைகள், அவற்றுக்கு அப்பால் கரும்பு ஏணி. விதுரி பிள்ளையின் அக்குளில் கைகொடுத்து, படிக்கு ஒரு காலாக வைத்து ஏற்றி, மறுபக்கம் இறக்கினாள். அவன் மண்ணை மிதித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். விதுரி சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, மூச்சு முட்டுது."

முர்தினாவின் முகத்தில் ரத்தமே இல்லை. பிள்ளையைத் தம்பி கையில் திணித்துவிட்டு, விதுரியை அறைக்குள் இழுத்துப் போனாள். முடிச்சைத் தேடினாள், துணியை உருவினாள். சுற்று சுற்றாக அது தரையில் விழுந்தது.

"படு. மல்லாந்து படு."

விதுரி படுத்தாள். முர்தினா பக்கத்தில் மண்டியிட்டு அவள் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மார்பு ஏறியது, நிதானமாக இறங்கியது. மறுபடி ஏறியது. விதுரி கூரையைப் பார்த்தபடி நீளமாக ஒரு மூச்சை இழுத்து, நீளமாக விட்டாள்.

"துணிதான்க்கா" என்றாள். "இந்தத் தடவை நிஜமாவே துணிதான்."

முர்தினா தரையில் கிடந்த துணியை அள்ளி முகத்தில் அழுத்திக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள். விதுரி படுத்தபடியே அவள் முதுகைத் தடவினாள். வாசலில் தாமார் கத்துவது கேட்டது.

"எந்திரிங்கக்கா, புள்ளை தேடுறான். மறுபடி கட்டுங்க" என்றாள் விதுரி. "ஒரு சுத்து தளர்வா."