துணியை யார் துவைப்பது என்று கேட்டவர்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் அக்கா. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இதற்கு நன்றியைத் தவிர வேறு பிறப்பிடம் இல்லை. "அந்த லேப் அம்மாவைப் பத்தி நாலு வரி எழுதுடி. ஊர்ல இல்லாத கதையெல்லாம் எழுதுற, நம்ம வீட்டுல நடந்ததை எழுதக் கை வராதா?" என்றாள். நாலு வரிக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது.

முதல் முயற்சி: 'இதயம் என்பது ஒரு...'

(அடித்துவிட்டேன். மாமாவின் இதயம் எதைப் போலவும் இல்லை. படபடவென்று அடித்தது, அவ்வளவுதான்.)

2

மாமா, அதாவது அக்காவின் கணவர், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கும் பட்டறையில் பதினொரு வருடம் வேலை பார்த்தவர். வயது நாற்பத்திரண்டு. படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்த அழுத்த மாத்திரை ஒன்று இரண்டாகி, மூன்றாகியும் அழுத்தம் இறங்கவில்லை. மருத்துவமனையில் சேர்த்தபோது என்ன வேலை என்று கேட்டார்கள். "கடையில" என்று சொல்லிவைத்தார். உண்மை தெரிந்தால் வேலை போய்விடுமோ என்ற பயம். அக்காவும் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்றாள்.

[இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுது. நின்னேன்ல" என்றாள்.]

3

ரத்தப் பரிசோதனைக் கூடத்து அம்மாவை நான் பார்த்ததில்லை. அதனால் முதல் பிரதியில் அவருக்குத் தடித்த கண்ணாடியும் கனிந்த பார்வையும் கொடுத்திருந்தேன். அக்கா படித்துவிட்டு, "கண்ணாடியும் இல்ல, கனிவும் இல்ல. எரிஞ்சு விழுந்தாங்க" என்றாள். திருத்திக்கொள்கிறேன்.

மாமாவின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, சிவப்பணுக்கள் சிலவற்றில் நீலப் பொடி தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்திருக்கின்றன. உடம்பில் ஈயம் ஏறினால் இப்படித் தெரியுமாம். குறித்து அனுப்பிவிட்டு அடுத்தவர் ரத்தத்தை எடுத்திருக்கலாம். அவர் இரண்டு மாடி இறங்கி வார்டுக்கே வந்துவிட்டார்.

"நிஜமா என்ன வேலை பாக்குறீங்க?"

"கடையிலங்க."

"உங்க ரத்தம் வேற சொல்லுது. பெயின்ட்டா, பேட்டரியா?"

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். பிறகு அவள்தான் சொன்னாள்: "பேட்டரிங்க."

"வேலைத் துணியை யாரு துவைக்கிறது?"

"நான்தாங்க. நல்லா உதறிட்டுத் துவைப்பேன்."

"கையை நீட்டுங்க" என்று அங்கேயே அக்காவுக்கும் ரத்தம் எடுத்தார். இருவர் ரத்தத்திலும் ஈயம். அக்காவுக்குக் கொஞ்சம் குறைவு.

4

(இந்தப் பகுதி கட்டுரை வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மருத்துவர் விளக்கினார். ஓயாமல் உழைக்கும் இதயத்துக்குள் கேடு செய்யும் துகள்கள் உண்டாகிக்கொண்டே இருக்கும். அவற்றை அடக்க உடம்பே காவல் போட்டிருக்கிறது. குளுட்டாதயோன் என்பது அதில் முக்கியமான ஒன்று. ஈயம் அதையே போய்ப் பிடித்துக்கொள்ளும். "காவக்காரனையே மடக்கிட்டா வீடு என்னத்துக்கு ஆகும்?"

"அப்ப இத்தனை வருஷம் என் நெஞ்சு தனியாவா சமாளிச்சுது?"

"ஏறக்குறைய அப்படித்தான்."

மாமா தன் மார்பில் கை வைத்துக்கொண்டாராம்.

ஈயத்தை வெளியேற்றும் மருந்து கொடுத்தார்கள். மாமா பட்டறையை விட்டார். இப்போது ஒரே மாத்திரை, படியும் ஏறுகிறார். பழைய பலம் முழுதாகத் திரும்புமா என்பதற்கு மருத்துவர் வாக்குக் கொடுக்கவில்லை. நானும் கொடுக்க முடியாது.

5

நன்றி சொல்ல இருவரும் பழம் வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. "முகமெல்லாம் ஞாபகம் இருக்காதும்மா" என்றவர், பழைய பரிசோதனைச் சீட்டைப் பார்த்ததும், "அட, நீலப் புள்ளி! உக்காருங்க" என்றார்.

(இங்கே அவர் கண் கலங்கியதாக எழுதியிருந்தேன். "அவங்க அழல. கதைக்காக அழ வைக்காத" என்றாள் அக்கா.)

உண்மையில் அவர் கேட்டது: "நன்றி இருக்கட்டும். கூட வேலை பாத்தவங்க எத்தனை பேரு?"

"ஆறு பேருங்க."

"அவங்க எங்க?"

மறுநாளே மாமா பட்டறை வாசலில் போய் நின்றார். நாலு பேர் வந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். இரண்டு பேர் முகம் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

ஒரு வரி எழுதினால் அந்த இருவரும் வந்துவிடுவார்கள். எழுதியும் பார்த்தேன்: 'அப்போது கதவு திறந்து...' வேண்டாம்.

இன்று மதியம் மாமா மூன்றாவது முறையாகப் பட்டறைக்குப் போயிருக்கிறார். அக்கா பரிசோதனைக் கூடத்துக்கு போன் போட்டு, "ரெண்டு பேரு வந்தாலும் வருவாங்க" என்று சொல்லிவைத்தாள். "நாலு மணிக்கு முடிச்சுடுவேன். சரி, இருக்கேன்" என்றாராம் அந்த அம்மா.

இப்போது மணி மூன்றே முக்கால். நான் பேனாவை மூடுகிறேன். அந்த அம்மா இருக்கிறார்.