தலைமாட்டு உருளை

வடகீழ்க் காற்று கொணர்ந்த முகில்கள் பெய்வதும் பெய்யாததுமாய் ஊடல் காட்டி நின்ற ஐப்பசித் திங்களின் ஒரு ஞாயிறு மாலை, ஆண்டோ தொண்ணூற்றொன்று. பிள்ளைப்பாக்கத்து ஏரி கரைதொட்டுத் தளும்ப, அதன் நீருண்டு நிமிர்ந்த நெற்பயிரும் அந்நெல்லின் நடுவே எழுந்து புகை உமிழ்ந்த ஆலைக்கூரைகளும் ஒரே வானத்தைப் பங்கிட்டுக்கொள்ள, நெடுஞ்சாலையிலே சரக்குந்துகள் சேற்றை வாரி இறைத்து விரைய, திருப்பெரும்புதூர்க் கடைத்தெரு விழாக்கால விளக்குகளைச் சூடிக்கொண்டு, ஆலைப்பிள்ளைகளின் சட்டைப்பைகளை எதிர்நோக்கி நின்றது.

சுவையறிந்த படிப்பாளரே, அத்தெருவின் கோடியில்தான், பழையதும் புதியதுமாய்க் கட்டில், பெட்டி விற்கும் பாண்டுரங்கனாரின் கடை. பகலெல்லாம் இரும்பை அறுத்தும் வளைத்தும் அதன் சூட்டில் வெந்தும் வரும் இளையோர், வீட்டுக்கு வாங்கும்போதும் இரும்புக் கட்டிலையே கேட்பர். ஆயினும் பேசிக்கொண்டிருக்கையிலேயே அவர்தம் கண்கள் களவாக உள்ளே நழுவி, பிறந்த வீட்டில் கண்டது போன்ற ஒரு முக்காலியையோ பெட்டியையோ துழாவும் என்பதைக் கடைக்காரர் நன்கறிவார். ஆதலின் இரும்பை முன்னேயும் ஏக்கத்தைப் பின்னேயும் அடுக்கி வைத்திருந்தார். விலை பின்னதற்கே கூடுதல்.

அன்று ஆலைத்தொழிலாளியான தன் கணவன் தமிழ்வாணனோடு அக்கடைக்கு வந்த மரகதம், குன்றத்தூர் வெல்ல வணிகர் ஒருவரின் மகள். தந்தை மறைந்தபின் தமையன்மார் வீட்டைப் பிரித்துக்கொண்டபோது, தட்டுமுட்டெல்லாம் எவர் எவர் வண்டியிலோ ஏறிப் போயின. போனவற்றுள் அவள் நெஞ்சை அறுத்தது ஒரு தேக்குக் கட்டில். அதன் தலைமாட்டில் கடைந்த உருளைகள் வரிசையாய் நிற்கும்; அவற்றுள் ஒன்று மட்டும் பிடிப்புத் தளர்ந்து, விரல்பட்டால் சுழன்று, புறாக்குஞ்சு முனகுவதுபோல் ஒலிக்கும். தாயின் அருகே படுத்து அவ்வுருளையைச் சுழற்றிச் சுழற்றியே குழந்தை மரகதம் உறங்கினாள். குமரியான பின்னும் அவ்வாறே உறங்கினாள். மணமாகி வாடகை அறைக்கு வந்தபின்னரோ, ஆலைச்சங்கு ஊதி ஓய்ந்தாலும் அவளுக்கு உறக்கம் மட்டும் வந்தபாடில்லை.

கடையின் உட்புறத்தே, சாய்த்து வைத்த பலகைகளுக்குப் பின்னால், அக்கட்டில் நின்றது.

கையை அவள் நீட்டவில்லை. வேண்டிய சரக்கை வேண்டாததுபோல் நோக்குவதே அவள் பிறந்த வீட்டு வழக்கம். ஆசையோடு ஒரு விரல் பட்டால் விலை ஒரு முழம் ஏறும். கணவனிடமும் அவள் வாய் திறக்கவில்லை. அவன் முகமோ துடைத்து வைத்த கண்ணாடி. உள்ளே நுழைந்தது எதுவும் வெளியே தெரியாமல் போகாது.

"இன்னாண்ணே, இந்த ஒடஞ்ச சாமானெல்லாம் அடுப்புக்கா?" என்றாள், கட்டிலைக் கடைக்கண்ணால் தள்ளி.

"அடுப்புக்கா! தேக்கும்மா அது. தட்டிப் பாரு, மணியாட்டம் பேசும்."

"பேசினா யாரு தூங்கறது? புதுசா கல்யாணமான வூட்டுக்கு இத்த எடுத்துகினு போனா, பாடைக்குத் தம்பி வந்துட்டான்னு தெருவே சிரிக்கும்."

பாண்டுரங்கனார் சிரித்தார், ஆயினும் விலையில் சற்றே இறங்கினார். அவள் இன்னும் இறக்க எண்ணினாள். இறக்குவதற்குக் குறையொன்று வேண்டும். தேடித் தேடிப் பார்த்தும் அத்தேக்கில் குறையென்று சொல்ல அவளுக்கு இனிய அந்த ஒன்றைத் தவிர வேறில்லை. விரலை நீட்டி உருளையைத் தொட்டாள். அது சுழன்றது; முனகியது. விரலை இழுத்துக்கொண்டு சொன்னாள்:

"இது இன்னாத்துக்கு ஆடுற பல்லாட்டம் தனியா சுத்திகினு கீது? தலமாட்ல இப்படி ஒன்னு கத்திகினு இருந்தா மனுசன் படுக்க முடியுமா? இதுக்கோசரமே பாதி வெல கொறைக்கணும்."

மனைவியின் சொல்லை மெய்யென்றே நம்பிய தமிழ்வாணன், "வுடுண்ணே, அதான் புடிக்கலன்றாளே. அந்த இரும்புக் கட்டிலையே கட்டுங்க" என்று குறுக்கிட்டான். அவன் முழங்கையில் அவள் கிள்ளிய கிள்ளு, ஆலையில் இயந்திரம் கடித்திருந்தாலும் அத்துணை உறைத்திராது.

பின் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். ஒவ்வோர் அடியும் கட்டிலை விட்டு ஓர் ஊர் தள்ளிப் போவதாகவே அவளுக்குத் தோன்றியது. அவர் கூப்பிடாவிட்டால்?

"இன்னாம்மா, போயிகினே கீற! வா, வா. நீ சொன்னதே வெல. உன்னப் பெத்தவரு யாருன்னு சொல்லிட்டுப் போ, அவரு கடப் பக்கமே நான் தல வைக்க மாட்டேன்!"

மறுநாள் பொழுது சாயும் வேளை, மூன்று சக்கர மிதிவண்டியில் ஏறிக் கட்டில் வந்தது. பின்னோடு, வியர்வை வழிய, பாண்டுரங்கனாரே வந்தார். இறக்கி நிறுத்தியதும், மரகதம் இனி எவருக்கும் அஞ்சவேண்டாத கையை நீட்டி உருளையைப் பற்றினாள்.

அது அசையவில்லை.

"சுத்துதான்னு பாக்கிறியா? சுத்தாது!" என்று முகம் மலர்ந்தார் அவர். "பசைய ஊத்தி, ரெண்டு பக்கமும் ஆணிய எறக்கிட்டேன். புடுங்கினா கட்டையே பொளக்கும், அவ்ளோ கெட்டி. வெல கொறைச்சதுக்காவ வேலைய கொறைப்பனா? நீ சொன்ன கொறைய வெச்சிகினே சரக்க அனுப்பினா, நாளைக்கு ஊரு என்னயப் பேசாது?"

மரகதம் "நல்லதுண்ணே" என்றாள், மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாழ்த்திவிட்டுப் போனார்.

"கெட்டிக்காரிடி நீ" என்று தமிழ்வாணன் கட்டிலைத் தட்டி மகிழ்ந்தான். அவள் விரல் இன்னும் உருளைமேலேயே இருந்தது. "அதான் சரியாயிடுச்சே, இன்னும் இன்னாத்த திருகற?" என்றான். அவள் தலைமாட்டில் கன்னம் வைத்துச் செவியை மரத்தோடு சேர்த்தாள்.

அன்பு கொண்ட ஒன்றைப் பழித்துப் பெறுவோர் உலகில் பலர்; பெறவும் செய்வர், நல்ல விலைக்கே பெறுவர். ஆயினும் தாம் பழித்த அவ்விடம் மட்டும் தம்மோடு வாராமல் கடைவாயிலிலேயே நின்றுவிடுகிறது. தொலைவில் ஆலைச்சங்கு ஊதி அடங்கியது. தேக்கின் மணம் அறையெங்கும் நிறைந்திருக்க, அசையாத உருளையை அவள் விரல் நெடுநேரம் சுழற்றிக்கொண்டேயிருந்தது.