அசையாத குருகு

சம்புக் கோரைப் புதரோரம் நிற்பது பறவைதான் என்பதில் ஜெர்சனுக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் அடுத்தவர்களுக்கு. போன ஞாயிறு கல்லூரிப் பறவைக் குழுவை சிட்லபாக்கம் ஏரிக்குக் கூட்டிவந்து, "அதோ, மஞ்சள் குருகு" என்று அவன் காட்டியபோது எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். ஜெரூஷா மட்டும் பைனாகுலரை இறக்கிவிட்டு, "டேய், அது கட்டை" என்றாள்.

மஞ்சள் குருகுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆளரவம் கேட்டால் கழுத்தை வானத்துக்கு நீட்டி, சம்போடு சம்பாக அப்படியே நின்றுவிடும். கட்டைக்கும் அதே பழக்கம். போட்டோ எடுத்தும் பயனில்லை, போட்டோவில் இரண்டுமே அசைவதில்லை. கடைசியில் பந்தயமாயிற்று. அது அசைந்தால் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பை இந்த ஏரியில் ஜெர்சன் நடத்துவான். அசையாவிட்டால் ஜெரூஷா.

அதனால்தான் இந்தச் சனிக்கிழமை, மார்கழிப் பனி விலகுமுன்னே தாம்பரத்திலிருந்து சைக்கிளை மிதித்து வந்து கரைச்சரிவில் உட்கார்ந்துவிட்டான். அது அசைகிறவரை தானும் அசைவதில்லை என்று தீர்மானம்.

எறும்பு முழங்கால்வரை ஏறிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று இறங்கிப் போனது. நாமக்கோழிகள் முங்கி முங்கி எழுந்தன. அந்த வட்டாரத்தில் மார்கழி நீராட்டத்தை ஒழுங்காகச் செய்தது அவை மட்டும்தான். கரைமேல் குரங்குக் குல்லாய்கள் வாக்கிங் போயின. அதில் ஒரு குல்லாய்க்குள் இருந்தவர் யக்ஞநாராயணன், பேங்க்கில் ரிடையர் ஆனவர். முதல் சுற்றில் மீன் பிடிக்கிறாயா என்று கேட்டார். இரண்டாவதில் விஷயத்தைத் தெரிந்துகொண்டார். மூன்றாவதில், ஒரு கல்லை விட்டெறிந்து பார்க்கலாமே என்றார். பறவை பார்க்கிறவன் கல்லெறியக் கூடாது என்று ஜெர்சன் உதடசையாமல் விளக்கினான். எறிந்தும் பறக்காவிட்டால் என்ன செய்வது என்ற கவலையை விளக்கவில்லை.

மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் யக்ஞநாராயணன் மறுபடி நடக்க வந்தார். ஜெரூஷாவும் வந்து, கரைமேல் அவரோடு பேசிக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு மீன்கொத்தி வந்து குருகின் உச்சந்தலையில் உட்கார்ந்து, கொண்டுவந்த மீனை அதன்மேலேயே நாலு அடி அடித்து விழுங்கிவிட்டுப் போனது.

அவர்கள் இருவரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்கும் வந்து உட்காரலாம். ஜெர்சன் ஒரு நிமிடம் யோசித்தான்.

"ஜெரூஷா, கட்டைதான்," என்றான். "மீன்கொத்தி மண்டைமேல உட்கார்ந்து மீனை அடிச்சுது. எந்தக் குருகும் அவ்வளவு நல்லவன் கிடையாது."

சொல்லிவிட்டு எழுந்தான். காலையிலிருந்து மடக்கிய கால் மரத்துப்போயிருந்தது. பக்கவாட்டில் சம்புக்குள் பொத்தென்று விழுந்தான். கைக்கெட்டும் தூரத்திலிருந்து மஞ்சள் உடம்பும் கறுப்பு இறக்கையுமாக ஒன்று கிளம்பி, அவன் காதை உரசாத குறையாகத் தாண்டி, ஏரிக்கு அந்தப் பக்கம் போய் இறங்கியது. குருகேதான்.

யக்ஞநாராயணன்தான் முதலில் பேசினார். "இதையா தம்பி தேடினே? காலைலேர்ந்து உன் பக்கத்துலயேதான் நின்னுண்டிருந்தது. ரெண்டு பேருமா சேர்ந்து எதையோ பாக்கறேள்னு நினைச்சேன்."

பந்தயம் கட்டையைப் பற்றியது, குருகைப் பற்றியதல்ல என்று சேறு வழியச் சொன்னவன் ஜெர்சனேதான். ஆகவே பொங்கலன்று ஏரியை ஜெரூஷா நடத்தினாள். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை பிரித்துக் கொடுத்தாள். ஜெர்சனை மட்டும் சம்போரமாகக் கூட்டிப்போய் உட்காரவைத்து, ஆடாமல் இருக்கச் சொன்னாள்.