ஸ்பீக்கரில் வந்த தம்பி

அடுத்த வீட்டு அக்காவும் தம்பியும் ஓயாமல் சண்டை போடுகிறார்கள் என்றுதான் தெருவே நம்பியது. சண்டையெல்லாம் இல்லை. "உப்பு போதுமாடா?" என்பதையே வீடு பற்றிக்கொண்ட மாதிரி கத்திக் கேட்பாள் அக்காக்காரி. "போதும்க்கா" என்று தம்பிக்காரனும் அதே சுருதியில் பதில் கொடுப்பான். இரண்டு பேருக்கும் காது மந்தம்.

காரணத்தையும் நான் விசாரிக்காமல் விடவில்லை. மூக்கு, நெஞ்சு, காதுக்குழாய் எல்லாவற்றிலும் சளியைப் பெருக்கித் தள்ளும் பொடி முடிகள் இருக்குமாம். இவர்களுக்கு அவை பிறவியிலேயே சரியாக அசையாது. அப்பாவிடம் பாதி, அம்மாவிடம் பாதி என்று சேர்ந்து வந்த சொத்து. வருஷம் முழுக்க இருமல், செவிப்பறைக்குப் பின்னால் பசை மாதிரி நீர். தம்பிக்கு இதயம் வேறு வலப்பக்கம். அதை நான் நாலு பேரிடம்தான் சொன்னேன். அக்காவுக்குச் சின்ன வயதில் காதில் குழாய் வைத்து, அது வருஷக்கணக்கில் ஒழுகி, பஞ்சும் கையுமாகப் பள்ளிக்கூடம் போனாளாம். அதற்கப்புறம் காது டாக்டர் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறாள். மெஷின் போடும் கூச்சலில் அங்கே எல்லோருமே செவிடுதான். அவளுக்குத் தோதான உத்தியோகம்.

தம்பி காதுக்கருவி மாட்டிக்கொண்டான். போன வருஷம் வேறு ஊருக்கு வேலைக்கும் போய்விட்டான். அதோடு அந்த வீட்டில் பேச்சுமூச்சில்லை. எனக்கே பொழுது போகவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு மட்டும் அவன் போன் வரும். ஸ்பீக்கரை முழுசாக வைத்து, கொஞ்சம் கேட்கிற வலது காதில் ஒட்டிக்கொள்வாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்.

இந்த மழையில் பிடித்த சளியில் அந்த வலது காதும் அடைத்துக்கொண்டது. நாலு தடவை கூப்பிட்டும் அவள் திரும்பாததைத் திமிர் என்று நினைத்து, மாடிப்படியில் மடக்கியபோதுதான் விஷயம் தெரிந்தது.

"தம்பிகிட்ட சொன்னியா?" என்று உதட்டை விரித்துக் கேட்டேன்.

"சொன்னா மூட்டை கட்டிட்டு வந்து நிப்பான். நீங்க வாயைத் திறந்துடாதீங்க."

என் வாயைப் பற்றி அவள் காதுக்கும் எட்டியிருக்கிறது.

அடுத்த ஞாயிறு தம்பியின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. "அக்கா, இங்க மூணு வருஷத்துக்குக் கையெழுத்து கேக்கறாங்க. நாளைக்குள்ள சொல்லணும். போடலன்னா நம்ம ஊருக்கே மாத்திடுவாங்க. நீ வான்னு சொன்னா வந்துடறேன். சொல்லுக்கா."

"சரிடா, சரிடா. வேளைக்குச் சாப்பிடு" என்று கத்தினாள்.

"அப்ப கையெழுத்துப் போட்டுடவா?"

"சரிடா. வெச்சிடறேன்."

அதே காதோடு பிறந்தவன்தான் அவனும். அவள் வழக்கம்போலக் கத்தியதால் வழக்கம்போலக் கேட்கிறது என்று நினைத்துவிட்டான்.

நான் உடனே போயிருக்கலாம். போனால், சுவரில் காது வைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். மானம் மரியாதை என்று இரண்டு நாள் ஓட்டினேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நகக்கண்ணில் கண்ணாடி மாவோடு அவள் கடையிலிருந்து வந்ததும் எதிரே நின்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

துண்டை எடுத்து ரொம்ப நேரம் கை துடைத்தாள்.

"வேணாம், அங்கயே இருடான்னுதான் சொல்லிருப்பேன்" என்றாள். அவளுக்கு இவ்வளவு மெல்லிய குரல் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரியும். "ஆனா அதை நான் சொல்லிருக்கணும்."

"இப்ப போன் போடேன்."

"போட்டிருப்பான் கையெழுத்து. இனிமே சொன்னா அங்க உக்காந்து அழுவான்."

நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டாள். திட்டுவாள் என்று பார்த்தால், எதிரே உட்கார்ந்து என் உதட்டையே பார்த்தாள்.

"வேற என்ன சொன்னான்? மூணு வாரமா எதுவும் கேக்கல. ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். புது அறையில் ஜன்னல் கிழக்கே பார்த்திருப்பது, கூட வேலை செய்கிறவன் குறட்டை, அறுந்துபோன செருப்பு. எதையும் கூட்டவில்லை.

"நடுவுல இருமினானா?"

"இருமினான். ரெண்டு தடவை."

"சளி கரைஞ்சு வர்ற இருமலா, நெஞ்சுலயே நின்னுபோன இருமலா?"

அவ்வளவையும் சுவர் வழியாகக் கேட்ட நான், அதை மட்டும் கவனிக்கவில்லை. அவள் இன்னும் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.