சரக்குப் பெட்டிக்கு இரும்புச் சக்கரம்

செஞ்சிக்கு ரயில் கிடையாது. ஊரில் ஓடுகிற ஒரே ரயில் எங்கள் மாடி அறையில், என் வீட்டுக்காரர் ஸ்ரீபால் மேஜைமேல் ஓட்டுகிற பொம்மை ரயில்தான். பொம்மை என்றால் அவருக்குக் கோபம் வந்துவிடும். 'மாடல்' என்று சொல்ல வேண்டுமாம். உரக்கடை வைத்திருக்கிற மனுஷனுக்கு இதெல்லாம் தேவையா என்று நானும் கல்யாணமான நாளிலிருந்து கத்திப் பார்த்துவிட்டேன்.

சரக்குப் பெட்டிகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் சக்கரம். அழுக்கேறித் தேய்ந்து, வளைவு வந்தாலே பெட்டி கவிழும். கழற்றிவிட்டு இரும்புச் சக்கரம் மாட்ட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. நாளைக்கு நாளைக்கு என்றே தள்ளிப்போட்டார். கண் நரம்பு பட்டுப்போகிறது, இருக்கிற பார்வை சில மாதம் நின்றாலே பெரிது என்று பாண்டிச்சேரி டாக்டர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்ததும் செல்போனை என்னிடம் நீட்டினார்.

"சந்தனா, சக்கரம் ஆர்டர் போடு. எட்டு பெட்டியும் கவுறாம ஓடறத ஒரு வாட்டி கண்ணால பாத்துட்டா போதும்."

எனக்கு அழுகை முட்டியது. நான் அழுதால் அவர் உடைந்துபோவார் என்று சண்டையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குத் தோதாகச் சக்கரத்திலும் இரண்டு வகை இருந்தது: துருப்பிடித்தாற்போலப் பழுப்பில் ஒன்று, வெள்ளியாக மின்னுவது ஒன்று.

"நெஜ வண்டிச் சக்கரம் இப்டியா மின்னுது? பழுப்புதான் வேணும்."

"உங்க கண்ணுக்கு பழுப்பு தெரியுமா? மின்னுனாத்தான் சுத்தறது தெரியும். சும்மா இருங்க."

சும்மா இருந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் என்னிடம் இவ்வளவு சீக்கிரம் அவர் தோற்றதில்லை.

இரண்டு சக்கரத்தைச் சேர்க்கிற அச்சின் நீளத்தை மட்டும் என்னை அளக்க விடவில்லை. "காலமெல்லாம் எடை போட்டவன், இத அளக்கமாட்டனா?" என்று ஸ்கேலை மூக்கருகே பிடித்து, இருபத்தாறு மில்லிமீட்டர் என்றார். பார்சல் வந்தது. அச்சு நீளமாகிவிட்டதால், மாட்டின சக்கரம் சுற்றவே இல்லை. நான் அளந்து பார்த்தேன், இருபத்துநாலு. வீம்பு பிடித்த மனுஷா என்று வாய் வலிக்கத் திட்டினேன். திருப்பி அனுப்பிச் சரியானதை வாங்குவதற்குள் மாதம் ஓடிவிட்டது. அதற்குள் அவர் சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார். கேட்டால் முட்டி வலி என்பார்.

இரண்டாவது பார்சல் ஒரு சாயங்காலம் வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன்.

"நானே மாட்றேன். நீ போய் வேலையப் பாரு" என்றார். தலைக்கு மேலிருந்த டியூப் லைட்டைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். எங்கள் சமணக் குடும்பத்தில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. அவர் சின்ன வயதிலிருந்து அந்த நியமம் தவறாதவர். அன்று எத்தனை முறை கூப்பிட்டும் "தோ வரேன்" என்றாரே தவிர வரவில்லை. இருட்டியும்விட்டது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மாடியேறினேன்.

ஒரு சக்கரம்கூட மாட்டியிருக்கவில்லை. அச்சின் முனை பெட்டியின் துளையை விட்டுவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் குத்திக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா? வெளிச்சம் போறதுக்குள்ள சோத்த எடுத்துனு வா. சாப்டுட்டு மிச்சத்த மாட்றேன்."

ஐயோ, என் தெய்வமே! டியூப் லைட்டைப் பகல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சோறு போட்டால் நியமம் கெடும். இருட்டிவிட்டது என்று சொன்னால் கண் போனது அவருக்கே தெரிந்துவிடும்.

"கொழம்பு தீஞ்சிப்போச்சு. பொம்மையே கதின்னு உக்காந்துக்கினு இருந்தா எவ சோறு போடுவா? இன்னைக்கு பட்டினி கெடங்க!" என்று கத்தினேன். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

கையிலிருந்ததை மெதுவாக வைத்தார். எழுந்து தடவித் தடவி ஜன்னலுக்குப் போய்க் கம்பியில் முகத்தை வைத்தார்.

"பொழுது போயி ரொம்ப நேரமாச்சா, சந்தனா?"

"ஆச்சுங்க."

பிறகு திரும்பி, "நீயே மாட்டி ஓட்டு. எந்தப் பெட்டி வருதுன்னு ஒவ்வொண்ணா சொல்லு, கேட்டுக்கறேன்" என்றார். கண்ணைத் துடைத்துத் துடைத்து எட்டுப் பெட்டிக்கும் மாட்டி, வண்டியை விட்டேன். முதல் பெட்டி கவிழாமல் வளைவில் திரும்பியது. சொல்ல வாயைத் திறந்தேன். நாளெல்லாம் கத்துகிற வாயில் ஒரு சொல் வரவில்லை. அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்துக்கொண்டிருந்தார்.