எலெக்தோராவின் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்குக் குமாஸ்தா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று கடைசியில், முதல் பொதுத்தேர்தலுக்காக ராயபுரம் சுவரெல்லாம் சின்னம் வரைந்துகொண்டிருந்தபோது, இந்த மனிதர் ஸ்பானிஷ் படித்தார். கூட வேலை பார்க்கும் லியோனார்ட் ஏதோ கப்பல்காரன் விட்டுப்போன பாடப்புத்தகத்தைக் கொடுத்து, தேர்தலை வேடிக்கை பார்க்க ஸ்பானிஷ்காரர்கள் வந்து இறங்குவார்கள், மொழிபெயர்க்க ஆள் தேடுவார்கள் என்று கொளுத்திப் போட்டுவிட்டான். இவர் நம்பிவிட்டார். யார் எதைச் சொன்னாலும் நம்புவார், நான் சொல்வதைத் தவிர.

புத்தகத்தில் தேர்தலுக்கென்றே ஒரு பாடம். ஓட்டுக்கு வோத்தோ, பெட்டிக்கு ஊர்னா, ஓட்டுப்போடும் பெண்ணுக்கு எலெக்தோரா. பல் விளக்கும்போதும் எலெக்தோரா, கருவாட்டைக் கடிக்கும்போதும் எலெக்தோரா. எனக்குக் காது புளித்துப்போனது.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஓட்டு. ஓட்டர் பட்டியல் எடுக்க ஆள் வந்தபோது நான் தீப்பெட்டிக் கம்பெனியில் இருந்தேன். புத்தகத்திலிருந்து தலை நிமிராமல், தன் சம்சாரம் என்று போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் இவர். வந்தவர் இரண்டு தரம் பெயர் கேட்டாராம்.

"மரியாதப்பட்ட குடும்பத்துல பொம்பள பேர வெளியாள்கிட்ட சொல்ல மாட்டோம்" என்றாராம் இவர். பக்கத்து வீட்டுப் பச்சையம்மா காதால் கேட்டதைச் சொன்னாள்.

பெயர் இல்லாத பெண்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். திருத்துகிற ஆபீஸ் திறந்திருக்கும் நேரமெல்லாம் எனக்கு வேலை. மூன்று தரம் இவரை அனுப்பினேன். ஆச்சு, ஆச்சு என்றார்.

ஓட்டு நாளன்று லியோனார்டின் கோட்டை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றார். ஸ்பானிஷ்காரன் ஒருத்தன்கூட வரவில்லை. நான் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போனேன். அதிகாரி ஒரு வரியில் விரலை வைத்தார். ரகுபதியின் மனைவி என்று எழுதி, பெயர் இல்லாததால் அடித்திருந்தது. உங்கள் வீட்டுக்காரர்தானே என்று கேட்டார். எங்கள் பக்கம் புருஷன் பெயரைப் பெண்கள் சொல்வதில்லை. ஒன்பது வருஷமாக நானும் சொன்னதில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் இவர் இன்னும் ஸ்பானிஷை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"ரகுபதி" என்று கூப்பிட்டேன்.

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர்தான் கடைசியாகத் திரும்பினார்.

"ரகுபதி, உன் எலெக்தோராவுக்கு ஓட்டு இல்லியாம். அவ பேரு குணசுந்தரி. இத்தயும் மனப்பாடம் பண்ணிக்கோ."